மூன்றாவது ஓலை

என் கணவர் செபஸ்தியின் கையிலிருந்து கவாத்துக் கத்தரி முதன்முதலில் நழுவியபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. கம்பத்துக்கு மேற்கே ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே நான் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தரி என் காலருகே விழுந்தது. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்கள் தாமாகவே ஆடின.

“என்ன செபஸ்தி, விடியுமுன்னயே ஏத்தியாச்சா? கொடிய வெட்டச் சொன்னா என் மண்டைய வெட்டிருவ போல” என்றார் தோட்டத்துச் சொந்தக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அடுத்த இரண்டு வருடங்களில் நடை தள்ளாடியது. தோள் காரணமில்லாமல் துள்ளியது. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. ஊர் குடி என்றது. நானும் நம்பினேன். தூங்கும்போது வாயை முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. வாடை வராத சரக்கு கேரளாவில் கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதையும் நம்பினேன்.

ஒரு நாள் அவரைக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். பீடத்தின் முன் முழங்காலிட்டு, இனிக் குடிக்க மாட்டேன் என்று பாதிரியாரான பங்குச் சாமியிடம் சத்தியம் செய்யச் சொன்னேன்.

“குடிச்சாத்தான புள்ள விடுறதுக்கு?” என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தியம் செய்தார். கையிலிருந்த மெழுகுவர்த்தி ஆடி, மணிக்கட்டில் மெழுகு கொட்டியது. குடி கிடைக்காத நடுக்கம் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

சாப்பாடு தொண்டையில் அடைக்கத் தொடங்கிய பிறகுதான் மதுரைக்குப் போனோம். நரம்பியல் மருத்துவர் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “இவங்க அப்பாவுக்கு எப்படி இருந்துச்சு?” என்றார்.

“அவரு குடிகாரர் டாக்டர். தள்ளாடிப் போயி கிணத்துல விழுந்து இறந்துட்டாக.”

“குடிச்சாரா, இல்ல குடிச்சார்னு சொன்னாங்களா?”

ஊர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். உண்மை தெரிந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அதற்குள் எங்கள் ஒரே மகள் ஜெனிக்குத் தேவாரம் என்ற ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் வழக்கப்படி, திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் சொல்ல வேண்டும் என்பதே அந்த அறிவிப்பு. முதல் ஓலை வாசித்த அதே வாரம் முடிவு வந்தது. ஹண்டிங்டன் நோய் (மூளைச் செல்கள் மெல்ல மெல்ல அழியும் பரம்பரை நோய்).

மருத்துவர் எங்கள் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு விளக்கினார். “ஒரு குச்சிய நட்டா முழுக்கொடியும் வருதுல்ல? வேரு, இலை, பழம் எல்லாத்துக்கும் உள்ள விவரம் அந்தக் குச்சியில இருக்கு. ஆனா இலை தனக்கு வேண்டியத மட்டும்தான் வாசிக்கும். உடம்பும் அப்படித்தாம்மா. ஒவ்வொரு செல்லுலயும் முழு விவரமும் இருக்கு.”

அந்த விவரம் டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறதாம். அதில் ஒரு பகுதி மரபணு (ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு). செல் அதை நகலெடுத்து, நகலைப் பார்த்துப் புரதம் செய்கிறது. இவருடைய ஒரு மரபணுவில் மூன்று எழுத்துகள் அளவுக்கு மேல் திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்கு ஜெபமாலை நினைவுக்கு வந்தது. பத்தாவது மணியில் நிற்க வேண்டியவர் நிற்காமல் அதே மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே போவதுபோல. அதனால் புரதம் நீண்டு, கோணலாகி, மூளையில் தேங்குகிறது. கருவில் உருவான நாளிலிருந்தே அந்தப் பிழை அவருக்குள் இருந்திருக்கிறது.

“எங்க பிள்ளைக்கு?” என்றேன்.

“பாதிக்குப் பாதி. வரலாம், வராமலும் போகலாம். சோதனை பண்றதும் வேணாங்கிறதும் அவங்க முடிவு. ஆனா நீங்க சொல்லாம இருந்துறாதீங்க.”

சொல்லவில்லை. இரண்டாவது ஞாயிறு, ஜெனியின் பக்கத்தில் உட்கார்ந்து ஓலையைக் கேட்டேன். ‘தடை ஏதும் தெரிந்தவர்கள்’ என்று சாமி வாசித்தபோது தலையைக் குனிந்துகொண்டேன். நாலு பேர் முன் பேசிப் பழகாதவள் நான். ஆனால் அன்று வாயை அடைத்தது கூச்சமல்ல. கல்யாணம் நடந்துவிடட்டும் என்ற ஆசை.

அன்று மாலை தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை.

“எப்பத் தெரியும்?”

“புதன்கிழமை.”

“தெரிஞ்சுக்கிட்டா காலையில என் பக்கத்துல உக்காந்து ஓலையக் கேட்ட?”

அவளே மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாள். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். மறைக்காமல் சொன்னதற்கு ஜெனியின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பிறகு என்னிடம், “தப்பா நெனைக்காதீக மதினி. அவன் சரிங்கிறான். எனக்குத்தான் மனசு வரல. பேரன் பேத்தியப் பாத்துப் பாத்துப் பயந்துக்கிட்டே இருக்க எனக்குத் தெம்பில்ல” என்றார்.

உள்ளே கட்டிலில் என் கணவர் விழித்திருந்தார். அப்போது அவருக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. “எம் மகளுக்கு நான் குடுத்த சீரப் பாத்தியா” என்றார். எனக்கு நன்றாகவே புரிந்தது.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

இந்த நோய் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: உங்களுக்குத் தெரிந்த அன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நான் எடுத்துக்கொண்ட அந்த நான்கு நாட்களை ஜெனி இன்னும் மன்னிக்கவில்லை. நோய்க்குக்கூட அவள் யாரையும் குற்றம் சொன்னதில்லை.

அவள் இன்னும் சோதனை செய்துகொள்ளவில்லை. “தெரிஞ்சா அன்னையிலருந்தே நோயாளியாயிருவேன்மா” என்கிறாள். உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கு வேலைக்குப் போகிறாள். திரும்பி வந்து அப்பாவுக்குக் கூழ் ஊட்டுகிறாள். அவளுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. அவள் அப்பாவுக்குக் கத்தரி நழுவிய அந்த நாற்பத்தொன்று வரை உள்ள வருடங்கள் எனக்கு வருடங்களாகவே தெரிவதில்லை. ஏற்கெனவே எழுதிவைத்ததை யாரோ மெதுவாக வாசிப்பதுபோல் இருக்கிறது.

ஜெனி அப்பா ஜாடை. அகன்ற நெற்றி, உள்ளங்கை, சிரிக்கும்போது ஒரு பக்கம் ஏறும் உதடு. முன்பு யாராவது அதைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது அவள் தூங்கும்போது அவளிடம் என்னைத் தேடுகிறேன். காது என்னுடையது. கால் சுண்டுவிரல் என்னுடையது. ஜாடைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். இருந்தும், போர்வையை விலக்கி அந்தச் சுண்டுவிரலைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.