கடைக்குக் கழுத்தை நீட்டியவள்

எங்கள் அக்கா இரண்டு பேருக்குக் கழுத்தை நீட்டினாள். முதலில் அத்தானுக்கு. அவர்கள் மகள் குட்டி நடக்கப் பழகுவதற்குள் அவர் இன்னொருத்தியோடு போய்விட்டார். அந்தப் புண்ணியவானைப் பற்றி இதற்குமேல் ஒரு வரி எழுத எனக்கு இஷ்டமில்லை. அடுத்ததாக நகைக்கடைக்கு.

அதே கடையில் நான் பில் போடுகிறேன். அக்காவுக்கு நெக்லஸ் கவுண்டர். மாட்டிக் காட்டுவதற்கென்று வெல்வெட் பொம்மைகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் பொம்மையைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. "யாராவது போட்டுக் காட்டுங்களேன்" என்பார்கள். அக்கா போட்டுக் காட்டுவாள். நீளமான, வழவழப்பான, ஒரு கோடுகூட விழாத கழுத்து. அதைப் பார்த்ததும் "அதையே குடுங்க" என்று கைகாட்டிவிடுவார்கள். கடையில் அவளுக்குப் பெயரே 'கழுத்து' என்றாகிவிட்டது. "கழுத்து எங்கப்பா, கூப்பிடு" என்பார் முதலாளி. எனக்கு எரிச்சலாக வரும், அக்காவுக்கோ பெருமை பிடிபடாது. பெருமைப்படாமல் என்ன செய்வாள்? அந்தக் கவுண்டர் கமிஷனில்தான் வாடகையும் குட்டியின் படிப்பும் ஓடின.

முதலாளியிடம் ஒரு வித்தை இருந்தது. கையில் கிளாஸ் இருக்கிறவர்கள் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் ஆரஞ்சு ஜூஸ். ஆரஞ்சுப் பழம் அந்தப் பாத்திரத்தின் பக்கமே வந்ததில்லை. கலர் பொடி, தண்ணீர், அள்ளிக் கொட்டிய சர்க்கரை, அவ்வளவுதான். வந்தவர்கள் கூச்சப்படக் கூடாதென்று விற்பவளும் கூடவே ஒரு கிளாஸ் எடுத்துக் குடிக்க வேண்டும். "நீ குடிச்சாத்தாம்மா அவங்களும் குடிப்பாங்க" என்பார். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை அக்கா குடித்தாள். சாப்பாட்டு நேரம் என்று தனியாக எதுவும் கிடையாது. கூட்டம் குறைந்தால் நின்றபடியே ஒரு க்ரீம் பன். சாத்தும்போது மிஞ்சிய ஜூஸை பாட்டிலில் பிடித்துக் குட்டிக்கு எடுத்துப் போவாள். எல்லாம் ஓசிதானே, விட்டுவிட்டு வர யாருக்கு மனசு வரும்?

முதல் மரு நெக்லஸின் கொக்கி படும் இடத்தில் வந்தது. அரிசி அளவுதான். பிடித்தால் ஆடும், வலிக்காது. "கொக்கி உரசி உரசி வந்திருக்குடி" என்றாள். உரசலும் ஒரு காரணம்தான். ஆனால் அக்குளில் எந்த நெக்லஸை மாட்டினாள்? அங்கேயும் வந்தது. ஒரு வருஷத்துக்குள் கழுத்தைச் சுற்றி எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது. அதோடு பின்கழுத்து கறுத்து, தடித்து, அந்த வெல்வெட் பொம்மையின் துணி மாதிரியே ஆகிவிட்டது.

ஒருநாள் ஒரு பணக்கார அம்மாள் ஜூஸை உறிஞ்சிக்கொண்டே, "ஏம்மா, குளிக்கிறப்போ கழுத்தைத் தேய்க்க மாட்டியா?" என்று கேட்டாள். அக்கா சிரித்தாள். நெக்லஸை விற்றும் விட்டாள். அப்புறம் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து குதிகால் தேய்க்கும் கல்லை எடுத்துக் கழுத்தில் தேய்க்க ஆரம்பித்தாள். தோல் உரிந்தது, கறுப்பு போகவில்லை. பவுடர் அப்பினாள். பவுடர் வியர்வையில் கரைந்து நகையின் இடுக்கெல்லாம் மாவாக ஒட்டியது. பிறகு நூல். கழிவறைக்குள் நான்தான் ஒவ்வொரு மருவின் அடியிலும் நூலைச் சுற்றி இறுக்குவேன். கறுத்துச் சுருங்கி விழும். ஒன்று விழுந்தால் பக்கத்தில் இன்னொன்று எட்டிப் பார்க்கும்.

"என்னை விட்டுப் போக மாட்டேங்குதுடி. போக வேண்டியவன் மட்டும் போய்ட்டான்" என்றாள். நான் அடுத்த மருவுக்கு நூலைச் சுற்றினேன்.

நூலுக்குப் பொறுமை இல்லாமல் ஒருநாள் காலையில் நகவெட்டியால் நறுக்கிவிட்டு வந்தாள். மேலே பவுடர். மதியம் ஒரு புதுப்பெண்ணுக்கு வெள்ளைக்கல் நெக்லஸைப் போட்டுக் காட்டும்போது புண் வாய் திறந்துகொண்டது. வெள்ளைக் கல்லெல்லாம் சிவப்பு. அந்தப் பெண் சத்தம் போடவில்லை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். அதுதான் மோசம். சத்தம் போட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. "இன்னும் மூணு வாரத்துல புது டிசைன் எல்லாம் வருது. வெளியூர்லேர்ந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. அன்னைக்கு உன் கழுத்து சுத்தமா இருக்கணும். இல்லேன்னா வேற பொண்ணப் போட்டுக்கறேன். நீ வீட்டுல ரெஸ்ட் எடும்மா." ரெஸ்ட் என்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

தோல் டாக்டரிடம் ஓடினோம். "எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர், உடனே" என்றாள் அக்கா.

டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு, "இது ஆறாம எதையும் தொட மாட்டேன்" என்றார். அப்புறம் ஒரு கேள்வி: "நாள் பூரா என்னம்மா சாப்பிடறீங்க?"

அக்காவுக்குக் கோபம் வந்தது. "கழுத்தைக் காட்ட வந்தா சாப்பாட்டைக் கேக்கறீங்களே?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. சாப்பிடற சர்க்கரையை உடம்புக்குள்ள சேக்கறது இன்சுலின். நாள் பூரா இனிப்பு உள்ள போனா அதுவும் நாள் பூரா சுரக்கும். போகப் போக உடம்பு அதைச் சட்டை பண்ணாது, அதனால இன்னும் அதிகமா சுரக்கும். அந்த அதிகம்தான் தோலை இப்படித் தடிக்க வைக்குது, மருவை வளர விடுது. மரு இருக்கிறவங்க எல்லாருக்கும் இப்படித்தான்னு இல்ல. ஆனா இத்தனை மருவும் இந்தக் கறுப்பும் சேந்து இருந்தா ரத்தத்தைப் பாத்தே ஆகணும்."

பார்த்தோம். சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, வாசல்வரை வந்து நிற்கிறது என்றார். "இனிப்புத் தண்ணிய முதல்ல நிறுத்துங்க. நடங்க. கறுப்பு மெல்ல மெல்லக் குறையும். இருக்கிற மரு தானா விழாது, அதை நான் எடுத்துடறேன். ஆனா உள்ளே சரி பண்ணாம வெளியே எடுத்துப் பிரயோஜனமில்ல, திரும்ப வரும்."

"எத்தனை நாளாகும் டாக்டர்?"

"மாசக் கணக்காகும்."

அக்காவுக்கு மாசங்கள் இல்லை. இருந்தாலும் நிறுத்திப் பார்த்தாள். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உதட்டில் வைத்து எடுத்தாள். முதலாளிக்குக் கழுகுக்கண். "நீயே குடிக்கலேன்னா என்னமோ ஏதோன்னு நினைக்க மாட்டாங்க? குடிம்மா" என்றார். குடித்தாள். குடித்தால் கழுத்து போகும், குடிக்காவிட்டால் கவுண்டர் போகும். பில் மெஷின் முன்னால் உட்கார்ந்து அதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் என்ன இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு பில் போட்டேன்.

புது டிசைன் காட்டுவதற்கு முந்தின நாள், குட்டிக்குத் தலை பின்னுவதற்காக அக்கா அவள் கூந்தலைத் தூக்கினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்காவின் கை அப்படியே நின்றது.

"கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்கிறியா இல்லியாடி?" என்று கத்தினாள். அந்தப் பணக்கார அம்மாள் கேட்ட அதே கேள்வி. கத்திக்கொண்டே கல்லை எடுத்து வந்து தேய்த்தாள். குட்டி நெளிந்தாள்.

"வலிக்குதும்மா. அது போகாதும்மா. நானும் தினம் தேய்ச்சுப் பாத்துட்டேன். ஸ்கூல்ல எல்லாரும் அழுக்குக் கழுத்துங்கறாங்க."

அக்கா கல்லைக் கீழே வைத்தாள். குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். கறுப்புக்கு நடுவில், கடுகைவிடச் சின்னதாக, ஒரு மரு. பன்னிரண்டு வயசுக் கழுத்தில். அவள் அழவில்லை. அவள் முகத்தைப் பார்த்து எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் விடிந்ததும், ரத்தம் பார்க்க வேண்டுமென்று குட்டிக்கு ஒன்றும் கொடுக்காமல் வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் கையைப் பிடித்தேன். "நாளைக்குப் போலாமேக்கா. இன்னைக்குக் கடையில..."

"எத்தனை நாளைக்குடி நாளைக்கு?"

டாக்டர் வீட்டு வராண்டாவில் காத்திருந்தபோது முதலாளி போன் செய்தார். அக்கா என்னிடம் கொடுத்துவிட்டாள். "கடை திறக்கறதுக்குள்ள அவ இங்க நிக்கலேன்னா இனிமே வர வேண்டாம்னு சொல்லிடு" என்றார். சொன்னேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். கடை திறக்கும் நேரமும் போனது.

டாக்டரம்மா குட்டியின் கழுத்தைப் பார்த்தார், எடை பார்த்தார். பிறகு சிரித்த முகமாகவே கேட்டார். "பாப்பா தினமும் என்ன குடிப்பீங்க?"

குட்டி வாயைத் திறந்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் என்ன கண்டாளோ, "தண்ணி மட்டும்தான் டாக்டர்" என்றாள்.

"பொய் சொல்றா டாக்டர்" என்றாள் அக்கா. "கடையில மிஞ்சின ஜூஸ். தினம் ஒரு பாட்டில். நான்தான் கொண்டாந்து குடுத்தேன். பால் வாங்க முடியாத நாள்லயும் அதைக் குடுத்தேன். புள்ள சந்தோஷமா குடிக்குதேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

குட்டி நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு டாக்டரைப் பார்த்து நின்றாள்.

"அம்மாவத் திட்டாதீங்க டாக்டர். நான்தான் கேட்டேன். அம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க."

அக்கா ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.