நான்கு விரல்கள்

காலை ஆறு மணி பத்து நிமிடம். லயத்து வீட்டின் பின்கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தவை பிழிந்து போட்ட தேசிக்காய்த் தோல்கள். தண்ணீர் கொட்டும் பீலிக்குக் கீழே, துணி துவைக்கும் கல்லின்மேல் ஐந்து பாதிகள் கிடந்தன. அக்கா குந்தியிருந்து விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் தேங்காய் நார். பக்கத்தில் ஒரு சிரட்டையில் பாத்திரம் துலக்கும் தூள்.

அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்து எடுக்கத் தொடங்கி முப்பத்தைந்து வருடங்களாகின்றன. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துச் சாறு கறுப்பாக ஊறிப் போயிருந்தது. நகத்தைச் சுற்றிலும், தோல் வெடித்த கோடுகளுக்குள்ளும் கறை.

“போகுதா அக்கா?”

“பாதி போயிருச்சு. கண்ணாடியில விரல வைக்கணும்னு நீதானே சொன்ன? இந்தக் கையோட போனா அந்தப் புள்ளைங்க என்னா நெனைக்கும்?”

“இன்னும் கொஞ்சம் தூள் போட்டுத் தேய்” என்றேன். வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றியதும் நான்தான்.

அன்று அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க நுவரெலியாவுக்குப் போகவிருந்தோம். பெரியக்கா தமிழ்நாட்டில் கூடலூரில் இருந்தாள். இரண்டு சிறுநீரகங்களும் கெட்டு, வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணமான மறு வருடம், பிரஜாவுரிமை அங்கே கிடைத்ததால், கணவரோடு கொட்டகலை ஸ்டேஷனில் ரயிலேறித் தலைமன்னார் வழியாகப் போனவள். அப்போது எனக்கு நான்கு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அன்றைக்குப் பிறகு அக்காவும் பெரியக்காவும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது. சில வருடங்களாகத்தான் போனில் முகம் பார்த்துப் பேசினார்கள். பெரியக்கா தினமும் சாயந்தரம் எடுப்பாள். அக்காவின் விரலுக்கு அந்தத் திரை அசையாது. காய்த்துப் போன தோலை அது விரலாகவே எடுத்துக்கொள்வதில்லை. அவள் விரலை மடக்கி, மூட்டால் தள்ளிப் பேசுவாள்.

“ஏன்டி, போன குட்டுறியா?” என்று பெரியக்கா அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பாள்.

“குட்டுனாத்தான் கேக்குது. ஒன்னய மாதிரியே.”

அந்த மாதத்தில் ஒரு நாள் பெரியக்கா சிரிக்காமல், “ஒரு தரம் வந்துட்டுப் போடி” என்று மட்டும் சொன்னாள்.

லிந்துலை வழியாகப் போகும் பஸ்ஸில் அக்கா இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். கம்பியைப் பிடித்தால் அழுக்காகும் என்றாள். வளைவுகளில் என் தோளில் சாய்ந்து சமாளித்தாள்.

அலுவலகத்தில் பதினொரு மணிக்கு எங்கள் எண் வந்தது. மேசையில் ஒரு கணினி, அதன் விசைப்பலகை, நான்காக மடித்த பழைய படிவத்தின்மேல் ஒரு மவுஸ். அவற்றுக்குப் பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில் கண்ணாடி, உள்ளே மங்கிய வெளிச்சம். இரண்டு கட்டைவிரல்கள், இரண்டு ஆள்காட்டி விரல்கள், நான்கும் பதிய வேண்டும். பதிந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

சிவப்பு.

அதிகாரி இளம் சிங்களப் பெண். “தவ சரயக், அம்மே” என்றார். இன்னொரு தரம். அக்கா அழுத்தினாள். சிவப்பு. ஈரத் துணியால் துடைத்து வைத்தாள். சிவப்பு. அதிகாரி தன் கைப்பையிலிருந்து பூச்சுக் கிரீமை எடுத்து, அக்காவின் விரலைத் தானே பிடித்துத் தடவி, கண்ணாடியில் வைத்து அமர்த்தினார். என் பக்கமிருந்து திரை தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதில் கோடுகளே இல்லை.

பின்னால் நின்ற ஆள், டுபாய்க்குப் போகவிருந்த கொட்டகலைக்காரர், “என்னாக்கா, மெஷினுக்கு ஒங்கள அடையாளம் தெரியலயாம்” என்றார்.

“ஒனக்குத் தெரியுதில்ல? நீ வந்து சொல்லேன்” என்றாள் அக்கா, திரும்பாமல்.

நான்கு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அதிகாரி அவள் கையைத் திருப்பி, விரல் நுனிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளையாக, வழவழப்பாக இருந்தன. எதைப் போட்டுக் கழுவினார் என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். கறையோடு வந்தால் பரவாயில்லை, தோட்டத்தவர்கள் பலர் அப்படித்தான் வருகிறார்கள், கறை ஒரு தடையில்லை என்றார். ஏற்கனவே தேய்ந்த ரேகையில் மிச்சமிருந்ததையும் காலையில் உரசி எடுத்துவிட்டீர்கள் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். இரண்டு வாரம் கொழுந்து எடுக்கக் கூடாது, சோப்புத் தூள் தொடக் கூடாது, தினமும் தேங்காய் எண்ணெய் பூச வேண்டும். விரல் பதிந்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் பாஸ்போர்ட் வந்துவிடும் என்று சொல்லி, மறுபடி வர வேண்டிய நாளைத் தவணையாக எழுதித் தந்தார்.

கொழும்பில் நான் வேலை செய்யும் பத்திரிகை அலுவலகத்தின் வாசலில் இதே போன்ற கருவி இருக்கிறது. பன்னிரண்டு வருடங்களாகத் தினமும் அதில் விரல் வைத்துத்தான் உள்ளே போகிறேன். ஒரு நாளும் அது என்னை மறுத்ததில்லை. விசைப்பலகையைத் தட்டுவதைத் தவிர என் விரல்களுக்குப் பெரிய வேலையும் இல்லை. எண்ணெய்க் கையோடு, காய்ந்த கையோடு வருபவர்களிடம் அது படுத்தும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். பீலியடியில் அது என் நினைவுக்கு வரவில்லை.

நான் கொழும்புக்குத் திரும்பினேன். அக்கா வீட்டில் இருந்தாள். மாமா, அவள் கணவர், பாத்திரம் கழுவினார், துணி துவைத்தார், விறகு உடைத்தார். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறும் பெண்கள் வாசலில் நின்று வம்புக்கு இழுப்பார்களாம்.

“என்னாடி, தொரசாணி ஆயிட்டியா?”

“ஆமாடி. வந்து தொரசாணிக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டுப் போ.”

பெரியக்கா தினமும் கூப்பிட்டு, “கையக் காட்டு” என்பாளாம். அக்கா கேமராவுக்கு முன்னால் விரல்களை விரிப்பாள். பெரியக்காவுக்குப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசி மூன்று நாள்கள் அவள் மகள்தான் போனைப் பிடித்திருந்தாள்.

பதின்மூன்றாம் நாள் நான் தோட்டத்துக்கு வந்தேன். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குத் தவணை. சாயந்தரம் நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. அக்கா மேசையிலிருந்து எடுத்து, ஆள்காட்டி விரலால் திரையைத் தள்ளினாள். முதல் தடவையிலேயே திறந்தது. அவள் விரலைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திரையருகே கொண்டுபோனாள்.

“சித்தி” என்றாள் பெரியக்காவின் மகள். “அம்மா போயிருச்சு சித்தி.”

எடுப்பு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. அவர்கள் போனில் காட்டினார்கள். யாரோ நடந்துகொண்டே பிடித்திருந்ததால் படம் ஆடியது. பாதி நேரம் வானமும் ஒரு தகரக் கூரையும்தான் தெரிந்தன. அக்கா கடைசிவரை பார்த்தாள். பிறகு பீலியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, உலர்ந்த சேலை கட்டி வந்து, “பஸ் எத்தன மணிக்கு?” என்றாள்.

“இனி எதுக்கு அக்கா?”

“பதினாலு நாளு இந்தக் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேன்ல.”

மாமா குடையை எடுத்துக் கொடுத்தார்.

அதே மேசை, அதே அதிகாரி. அக்காவை அவருக்கு நினைவிருந்தது. வலது கட்டைவிரல், பச்சை. வலது ஆள்காட்டி விரல், பச்சை. இடது கட்டைவிரலுக்கு இரண்டு தரம் வைக்க வேண்டியிருந்தது. நான்காவதும் பதிந்தது. திரையில் இந்த முறை கோடுகள் இருந்தன. நெருக்கமான, சுழன்று உள்ளே போகும் கோடுகள். அக்கா குனிந்து அவற்றைப் பார்த்தாள்.

“இது என்னோடதா?” என்று என்னிடம் கேட்டாள்.

“ஒன்னோடதுதான்.”

“ஷோக், அம்மே!” என்றார் அதிகாரி. அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், “எப்ப போறது? அக்கா பாக்க?” என்று கேட்டார். முதல் நாள் நான்தான் காரணத்தைச் சொல்லியிருந்தேன்.

“போகணும்” என்றாள் அக்கா. நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். பாஸ்போர்ட் ஆறாம் நாள் தபாலில் வந்தது. அது பத்து வருடங்களுக்குச் செல்லுபடியாகும்.