புருவம் அசையாத ரஜாயி

ரஜாயியின் புருவங்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மான் பட்டணத்தில் யாரும் 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறப்பதில்லை. புருவத்தை ஏற்றி, நாக்கால் ஒரு 'ட்ச்' கொட்டினால் போதும். எல்லாரும் செய்வதுதான். ஆனால் ரஜாயிக்கு வாய்த்தவை ஒவ்வொன்றும் ஒரு கம்பளிப்புழு அளவு. அவை ஏறினால் எதிர்வீட்டுப் பூனை பால் கேட்பதையே விட்டுவிடும். நம்பாதவர்கள் அந்தப் பூனையிடம் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

எங்கள் கட்டிடத்தில் என் தலைக்கு மேல் மாடியில் குடியிருந்தார். ஊருக்கு அவர் அபூ லைத், லைத்தின் தகப்பன். மார்க்கா பகுதியில், விமானம் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் முதலில் கருவிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் தேய்ந்ததும் அவரைத் தேர்வறைக் கண்காணிப்பாளர் ஆக்கினார்கள். கைப்பேசிகளை வாங்கிப் பெட்டியில் போட வேண்டும், தாள் கொடுக்க வேண்டும், வரிசைகளுக்கு நடுவே நடக்க வேண்டும், பேசக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

பேசவில்லைதான். ஆனால் எவனாவது தப்பான விடைமேல் பேனாவைக் கொண்டுபோனால், பின்னால் நிற்கும் ரஜாயிக்கு மனசு பொறுக்காது. திருகாணி, ஸ்பேனர் பற்றிய கேள்வி என்றால் அவருக்கும் விடை தெரியுமே. புருவம் தானாக ஏறிவிடும். பையன்கள் விவரமானவர்கள். தாளைப் பார்க்கிற நேரத்தைவிட அவர் நெற்றியைப் பார்க்கிற நேரம் அதிகமாயிற்று. அந்த வருஷம் வாத்தியார்கள் தேறவைத்தவர்களைவிட அந்தப் புருவங்கள் தேறவைத்தவர்கள்தான் அதிகம்.

கேமரா காட்டிக்கொடுத்தது. தேர்வு செல்லாது என்று எல்லாரையும் மறுபடி எழுத வைத்தார்கள். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ரூலா என்றொரு பெண். அவள் ரஜாயியைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"அபூ லைத், எங்க வாப்பா வயசு உங்களுக்கு. அதனால இன்னொரு வாய்ப்பு. திரும்பப் பயிற்சிக்கு வாங்க. அப்புறம் ஒரு பரீட்சையில நான் பின்னால உக்காந்து பார்ப்பேன். தேறலைன்னா வீட்டுக்குத்தான்."

வீட்டில் லைத் வேலை இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுபதைத் தொட்ட கிடங்குக்காரனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

பயிற்சியில் கூடாதவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். பதில் சொல்லக் கூடாது, கேள்வியை விளக்கக் கூடாது, வெளியாளை உள்ளே விடக் கூடாது, வெளிச்சேதியை உள்ளே கொண்டுவரக் கூடாது. கூடவே ஒரு எச்சரிக்கை: கண்காணிப்பாளரைச் சோதிக்கவே ஆள் அனுப்புவார்கள். மின்சாரம் பார்க்க வந்தேன் என்பான், தாய்க்கு நோய் என்பான். கதவைத் திறந்தால் தீர்ந்தது. பாடம் முடியும் முன்பே மன்சஃப் தாம்பாளம் வந்துவிட்டது. சோற்றின் மேல் ஆட்டுக்கறியும் ஆவி பறக்கும் தயிர்ச்சாறும் இருக்கும்போது மிச்சப் பாடத்தை யார் கேட்பார்கள்? அதோடு கலைந்தார்கள்.

வீட்டில் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார் ரஜாயி. மனைவி உம் லைத் வேண்டுமென்றே உளறிப் பழக்கிவிட்டாள்.

"சூரியன் மேற்க உதிக்குது. சரியா?"

அவர் முகம் அசையவில்லை.

"உங்க உம்மா நல்லா சமைப்பாங்க. சரியா?"

அதற்கும் அசையவில்லை.

"அல்லாஹ்வே, கல்லாவே ஆயிட்டீங்க. பொண்ணு கேட்டு வந்தப்ப இந்த மூஞ்சியோட வந்திருந்தா எங்க வாப்பா கோழியைக்கூடக் குடுத்திருக்க மாட்டாரு."

மாடிப்படி முழுக்கச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ரூலா வந்து உட்கார்ந்த அன்று ஆகஸ்ட் வெயில். தேர்வு தொடங்கி வெகுநேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. ரஜாயி ஒரு விரற்கடை திறந்தார். வெளியே ஆகிஃப் என்ற இளைஞன். உள்ளே மூன்றாவது வரிசையில் எழுதிக்கொண்டிருந்த குதைபாவின் பெரியப்பா மகன். அவர்கள் ஊரான மாதபாவிலிருந்து வண்டி ஓட்டி வந்திருந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"சாச்சா, குதைபாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. அவன் வாப்பாவுக்கு லேசா அசதி."

எங்கள் பக்கம் மவுத்தை, சாவுச் செய்தியை, யாரும் முகத்தில் அடித்தாற்போலச் சொல்வதில்லை. சிவந்த கண்ணோடு ஒருவன் ஊர்விட்டு ஊர் வந்து 'லேசா அசதி' என்றால், அங்கே இறந்தவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். ரஜாயிக்குத் தெரியாதா?

"பரீட்சை முடியட்டும்."

"முடியறதுக்குள்ள மதியத் தொழுகை லுஹர் வந்துரும் சாச்சா. லுஹரோட எல்லாம் முடிஞ்சிரும்."

அவர் முதுகில் ரூலாவின் பார்வை ஊன்றியது. இவன் அவள் அனுப்பிய ஆளாக இருந்தால்? இல்லை, இந்தக் கண்ணை யாராலும் நடிக்க முடியாது. இரண்டும் ஒரே மூச்சில் தோன்றின என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"சட்டம், தம்பி," என்றார். கதவைச் சாத்தினார்.

குதைபா தலை நிமிர்ந்தான். பெரியப்பா மகனின் குரலை அடையாளம் கண்டானோ என்னவோ, ரஜாயியின் முகத்தையே பார்த்தான். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. பையன் குனிந்து எழுதத் தொடங்கினான்.

தாள்களை வாங்கிக் கட்டியபோது பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். ரூலா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"மாஷா அல்லாஹ், அபூ லைத். ஒரு குறையும் இல்லை. தேறிட்டீங்க. கதவுல யாரு அது?"

"நீங்க அனுப்பின ஆள் இல்லையா?"

"நான் யாரையும் அனுப்பலையே."

அதற்குள் கைப்பேசியை வாங்கிப் பார்த்த குதைபா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

விஷயம் தெரிந்ததும் ரூலா வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மவுத்துன்னா தாளை வாங்கிக்கிட்டு அனுப்பிரலாம், இன்னொரு நாள் எழுதிக்குவான். சட்டத்துலயே இருக்கு."

"யாரும் சொல்லித்தரலையே, மகளே."

அவள் யோசித்தாள். "கடைசிப் பாடம் அது. சாப்பாடு வந்துருச்சு."

குதைபா மாதபாவுக்குப் போனபோது கபர்க்குழியின் மேல் மண்ணை மேவி, தண்ணீரும் தெளித்துவிட்டார்கள். வந்தவர்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். தகப்பனைக் கபரில் இறக்க வேண்டிய கை இவன் கை, ஒரே மகன். 'பரீட்சையை விட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டானாம்' என்ற பேச்சு அதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. ஆகிஃப் அப்படிச் சொல்லவில்லை, வெளியே விடவில்லை என்றுதான் சொன்னான். பேச்சுக்குக் கால் முளைக்க அது போதும்.

மூன்றாம் நாள் துக்கப் பந்தலுக்கு ரஜாயி போனார். நானும் உம் லைத்தோடு பெண்கள் பக்கம் போயிருந்தேன். நடுவில் ஒரு துணித்தடுப்புதான், எல்லாம் கேட்டது. கசப்புக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார்கள். ரஜாயி குடிக்காமல் கோப்பையைத் தரையில் வைத்தார். கோரிக்கையோடு வந்தவன் அப்படித்தான் வைப்பான். வீட்டுக்காரர் 'குடி' என்றால் கேட்டது கிடைத்தது என்று அர்த்தம்.

"பையனுக்கு எதுவும் தெரியாது," என்றார் ரஜாயி. "கதவைச் சாத்தினது நான். அவன் மேல பழி வேணாம். என்னை மன்னிச்சிருங்க."

குதைபாவின் பெரியப்பா தாடியைத் தடவினார். "பையன் மேல குத்தமில்லைன்னு எல்லார் காதுலயும் விழுந்துச்சு. ஆனா மன்னிக்க நான் யாரு? வாப்பாவை இழந்தவன் அவன். அவன்தான் சொல்லணும்."

குதைபா காப்பிக் கெண்டியோடு நின்றுகொண்டிருந்தான். மற்றவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டே வந்து, ரஜாயிக்கு எதிரே குந்தினான்.

"பாஸாயிட்டேன் சாச்சா. காலையில சொன்னாங்க."

ரஜாயி தரையில் இருந்த கோப்பையைப் பார்த்தார்.

"கதவாண்ட குரல் கேட்டு உங்களைத்தான் பார்த்தேன். ஒண்ணுமில்லைன்னு நெனச்சு எழுதினேன்." கெண்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். "குடிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிரலாம். சொன்னா நீங்க குடிச்சிட்டு எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவீங்க. நான் எங்க போறது?"

எழுந்து அடுத்த ஆளுக்கு ஊற்றப் போனான்.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு ஆட்கள் கலைந்தார்கள். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்க வந்தார்கள். எங்கள் வண்டி காத்திருந்தது. உம் லைத் தடுப்பைத் தாண்டிப் போய் அவர் தோளைத் தொட்டாள். அவர் அசையவில்லை. கடைசியில் ஒரு பந்தல்காரன் குனிந்து, ஆறிப்போன அந்தக் கோப்பையை எடுத்து, காப்பியை மண்ணில் ஊற்றிவிட்டு, மற்றக் கோப்பைகளோடு போட்டுக் கழுவக் கொண்டுபோனான்.