லெட்சுமி அக்கா ரிப்போர்ட்டும் மூணு சிவப்புப் பொட்டும்

எங்க தொழில்ல பிழை விடுறவரும் பிழை தேடுறவரும் பெரும்பாலும் ஒரே கதிரையிலதான் உட்கார்ந்திருப்பாங்க. புரோகிராம் ஓடும்போது ஒரு வரியில நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்க, அந்த வரிக்குப் பக்கத்துல சிவப்புப் பொட்டு ஒன்னு வைப்போம். பேர் பிரேக்பொயின்ட். வச்ச இடத்துலதான் நிக்கும்னு நம்பி ஏமாந்த கூட்டத்துல நீங்களும் உண்டா? வாங்க, பக்கத்துல உட்காருங்க.

கண்டி டவுன்ல ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மூணு கணினி மொழியில நாங்க எழுதின புரோகிராம் அது. மெஷின் சொல்றதைப் பைதன் வாசிக்கும், ஜாவா தரம் பிரிக்கும், ஜாவாஸ்கிரிப்ட் திரையில காட்டும். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துல இருந்து லெட்சுமி அக்கா மூணாவது நாளா பஸ் ஏறி வந்து நிக்கிறாங்க. ரிப்போர்ட் திரையில இல்லைன்னு எங்களைக் கூப்பிட்டு, கவுண்டருக்குப் பின்னால உட்கார வச்சிருந்தாங்க. மறுநாள் அவங்களுக்கு ஒப்பரேஷன். ரிப்போர்ட் இல்லாட்டி திகதி தள்ளிப்போகும், எப்போ கிடைக்கும்னு யாருக்கும் தெரியாது. "மத்தியானத்துக்குள்ள எடுத்துத் தர்றேன் அக்கா"ன்னு அடிச்சுச் சொன்னேன். நான் லேசுப்பட்ட ஆளா என்ன!

வச்சது ஓரிடம்

முதல்ல திரைப்பக்கம். நாற்பதாம் வரியில பொட்டு வச்சேன். சம்பந்தமே இல்லாத எங்கேயோ போய் நின்னுச்சு. ஜாவாஸ்கிரிப்ட்ல நாம எழுதினது அப்படியே ஓடாது. எல்லாத்தையும் நெரிச்சு ஒரே வரியாக்கித்தான் பிரவுசருக்கு அனுப்புவோம். எந்த வரி எங்கே போச்சுன்னு சொல்ல ஒரு வரைபடக் கோப்பு இருக்கு. அதைப் புதுப்பிக்க மறந்திருந்தேன். புதுப்பிச்சதும் பொட்டு ஒழுங்கா நின்னுச்சு. அக்கா பேர் திரைக்கு வந்தே சேரலைன்னு தெரிஞ்சுச்சு. கூட வேலை செய்ற ரிஸானா, அக்குறணைக்காரி, விழுந்து விழுந்து சிரிச்சா: "அக்கா, நீங்க பொட்டு வெச்ச எடம் கண்டி, அது போய் நிண்ட எடம் மாத்தள!"

அவசரக்குடுக்கை

அடுத்தது பைதன். ஒரு வேலைக்கான வரிகளைச் சேர்த்துக் கட்டின தொகுதிக்கு ஃபங்ஷன்னு பேர்; அது தொடங்குற தலைப்பு வரியிலேயே பொட்டு வச்சேன். புரோகிராமைத் தொடங்கின உடனே டக்குன்னு நின்னுச்சு. "புடிச்சிட்டேன்!"னு கத்திட்டேன். அது கவுண்டர் வரைக்கும் கேட்டு, லெட்சுமி அக்கா பையைத் தூக்கிக்கிட்டு எழும்பிட்டாங்க. எனக்கு வெட்கமாப் போச்சு.

சி மொழியில அந்த வரியில பொட்டு வச்சா, ஃபங்ஷனை வேலைக்குக் கூப்பிடும்போதுதான் நிக்கும். பைதன், இப்படி ஒரு ஃபங்ஷன் இருக்குன்னு பதிஞ்சுக்கிறப்பவே நின்னுடும். பொட்டை உள்வரிக்கு இறக்கிப் பார்த்தா, அக்கா பேர் பத்திரமா இருந்துச்சு. எங்க சீனியர் சிவநேசன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பிள்ளை, அது இன்னும் சமைக்கேல்லை, இப்பதான் சமையல் குறிப்பு எழுதுது."

ஒரே வரி, ரெண்டு வாசல்

மிச்சம் ஜாவா. ஒரு வரிக்கு மேலே அக்கா பேர் இருக்கு, கீழே இல்லை. அதுல பொட்டு வச்சா ஒரே ஒரு தடவை நின்னுட்டுப் போயிடுது. அந்த வரிக்குள்ளேயே, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியா ஓடுற குட்டி வேலை ஒன்னு இருக்கு. முழு வரியிலயா, உள்ளே இருக்கிறதுலயான்னு, பொட்டு வைக்கிற கருவியான டிபக்கர் ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு. நான்தான் வாசிக்காம முதலாவதையே அழுத்திக்கிட்டிருந்தேன்.

ரெண்டாவதை அழுத்தினேன். ஆள் ஆளா நின்னு வந்து, அக்கா பேர்லயும் நின்னுச்சு. போன் நம்பர் இல்லைன்னா பட்டியல்ல சேர்க்காதேன்னு எழுதியிருக்கு! 'ரிப்போர்ட் ரெடி'ன்னு மெசேஜ் அனுப்ப நம்பர் வேணுமாம். எழுதினது யார்? நான்தான். தோட்டத்து லயன் வீடுகள்ல எத்தனை பேருக்குச் சொந்தமா போன் இல்லைன்னு நல்லாத் தெரிஞ்ச, அதே ஹேவாஹெட்டயில பொறந்த நான்.

வரியைத் திருத்தினேன். ரிப்போர்ட்டை நானே கொண்டுபோய்க் கையில கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். மணி பன்னிரண்டுகூட ஆகல, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன். அக்கா அதைப் பைக்குள்ள வச்சுக்கிட்டே கேட்டாங்க: "போன் இல்லாததுனாலதானேம்மா மூணு நாளா நேர்ல வந்து நின்னேன், அதுகூடவா தெரியல?"

பொட்டு எந்த மொழியில எங்கே போய் நிக்கும்னு இப்போ எனக்கு அத்துப்படி. இருந்தாலும் முதல் பொட்டை நான் எழுதின வரியிலதான் வைக்கிறேன்.