பூக்காட்டுப் போருக்கு ஆசிட் ஊற்றியவன்

குழாயை மண்வெட்டிக் காம்பால் தட்டினால் உள்ளிருந்து வெள்ளை ஓடு சலசலவென்று உதிரும். முட்டை ஓட்டை மிதித்தது போல ஒரு சத்தம்...

வடமதுரைப் பக்கம் எங்கள் மல்லிகைக் காட்டில், போர்வெல்லிலிருந்து மோட்டாரை வெளியே தூக்கிய நாளில் கேட்டது. அப்போது நான் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லீவில் வந்திருந்தேன். வராமல் இருந்திருக்கலாம்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எண்ணெய் இருக்கும் பாறை பார்வைக்குக் கெட்டி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் வழியாகத்தான் எண்ணெய் ஊறி வரும். துளை போடும்போது இறங்கும் சேறு, நாம் ஊற்றும் மருந்து, தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு... எது போய் உட்கார்ந்தாலும் அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் பார்த்துக்கொள்வது உத்தியோகம். அப்படியும் ஒரு கிணறு செத்துப்போனால் அறிக்கையில் எழுத ஒரு வாசகம் தயாராக இருக்கும்: "பாறையின் இயல்பு காரணமாக."

பாறை மறுப்பு வெளியிடாது என்பது அதில் வசதி.

அந்த வருஷம்தான், என் பொறுப்பில் ஒரு கிணறுகூடக் கெடவில்லை என்று கம்பெனி எனக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தது.

அண்ணனுக்கு இருந்தது அந்த ஒரே போர். அதை நம்பி மல்லிகை. மல்லிகையை நம்பி அண்ணன், மதினி, இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டு இஞ்ச் வந்துகொண்டிருந்த தண்ணீர் முக்கால் இஞ்சாகச் சுருங்கியிருந்தது. எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழக்கமான வைத்தியம் உண்டு. கம்ப்ரசர் வண்டி வரும். போருக்குள் குழாயை இறக்கிக் காற்றை அடிக்கும். உள்ளே இருக்கும் கசடெல்லாம் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அண்ணன் வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"அது முரட்டு வைத்தியம்ணே. அம்புட்டுக் காத்த அடிச்சா பாறை வெடிப்புக்குள்ள சேறு ஏறிக்கும். நான் ஆசிட்டு வச்சு அந்தச் சுண்ணாம்பப் பக்குவமாக் கரைச்சுத் தாரேன்" என்றேன்.

மதினி பூக்கூடையை இறக்கி வைத்தார். "என்ன கொழுந்தனாரே, கக்கூஸ் கழுவுற ஆசிட்டா?"

"இது வேற கிரேடு மதினி."

"ஓகோ. கக்கூசுக்கும் கிரேடு இருக்காக்கும்!"

அண்ணன் சிரிக்கவில்லை. கம்ப்ரசர்காரருக்குப் போன் போட்டு, நான் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்: "வேணாம்ப்பா. எந்தம்பி எண்ணெக் கெணத்துக்கே வைத்தியம் பாக்குறவன். நம்ம போரு எம்மாத்திரம்?"

எங்கள் வேலையில் ஒரு கட்டளை உண்டு. ஆசிட் கரைத்ததை உடனே வெளியே இழுத்துவிட வேண்டும். உள்ளேயே தங்கினால் அதன் வீரியம் தீர்ந்து, அதுவரை கரைத்த துருவையெல்லாம் பாறைக்குள்ளேயே செம்மண் கூழாகக் கக்கிவிடும். அதனால் இழுக்கும் பம்பு தயாராக ஓடிக்கொண்டிருந்தால்தான் ஆசிட் மூடியையே திறப்போம். அந்தக் கட்டளையை போர்டில் எழுதி சைட்டில் மாட்டியவன் நான்.

காலையில் ஊற்றினோம். போரின் வாயில் புகை... மூக்கைப் பிடுங்கும் காட்டம். உள்ளே சோடா பொங்குவது போலச் சத்தம். மதியம் ஒரு மணிக்கெல்லாம் மோட்டாரைத் திரும்ப இறக்கிவிட்டோம்.

"போதும்டா அப்பு, எடுத்து விட்ருவோம். இந்த வாரம் நமக்குக் காலை ஷிப்டு. ரெண்டு மணியோட த்ரீ பேஸ் போயிரும்" என்றார் அண்ணன்.

"செத்த நேரம் பொறுண்ணே. ஊற வேண்டிய டைம் இன்னும் முடியல."

அவர் வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊறும் நேரத்தை மேனுவலில் எழுதியவர்கள் சொந்த ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள். நானோ விவசாய மோட்டாருக்கு ஒரு வாரம் காலையிலும் ஒரு வாரம் மதியத்திலும் கரண்டு விடும் ஊரில் பிறந்தவன். சின்ன வயதில் அந்த ஷிப்டை வைத்துத்தான் குளித்தோம், சாப்பிட்டோம். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஒன்றே முக்காலுக்கு, மேனுவல்படி, ஊறி முடிந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தப் போனேன். பெட்டியில் மூன்று விளக்குகளில் ஒன்றுதான் எரிந்தது. கால் மணி நேரம் முன்னதாகவே பிடுங்கிவிட்டார்கள்.

கம்ப்ரசர்காரருக்கு அண்ணன் திரும்பப் போன் போட்டார். அவர் வேடசந்தூரில் வேறொரு போரில் குழாயை இறக்கிவிட்டிருந்தார். "நாளைக்கிச் சாயங்காலம் வாரேண்ணே. எண்ணெக் கெணத்துத் தம்பி என்ன சொல்றாரு?"

தம்பி ஸ்டார்ட்டரை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தான்.

மறுநாள் கரண்டு வந்ததும் மோட்டாரைப் போட்டோம். செக்கச்செவேலென்று கூழ் வந்தது. பத்து நிமிஷம். பிறகு காற்று. சாயங்காலம் வண்டி வந்து அடித்த அடிக்கு ஈரப்புகைதான் கிளம்பியது. மல்லிகை ஒரே நாளில் காயவில்லை. மெதுவாக, எல்லோரும் நின்று பார்க்கும்படியாகக் காய்ந்தது.

இப்போது நான் ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். கிணற்றைக் கெடுக்காமல் வைத்தியம் பார்ப்பது எப்படி என்பது தலைப்பு. நன்றாகப் போகிறது. போன வாரம் ஒருவர், "உங்க அனுபவத்துல ரொம்ப மோசமாக் கெட்டுப்போன கிணறு எது சார்?" என்று கேட்டார். பெயரை வெளியிட அனுமதி இல்லை என்றேன்.

காட்டில் இப்போது சீமைக்கருவேலம். அண்ணனும் மதினியும் காலையில் மில் வேன் ஏறுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் மதினி பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வருகிறார்.

பொங்கலுக்குப் போயிருந்தேன். ரொம்ப நாள் கழித்துத் திருப்பூரிலிருந்து வந்த மாமா ஒருவர் காட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, அம்புட்டு நல்லா ஓடுன போரு, எப்டிச் செத்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார்: "என்னத்தச் சொல்ல மாமா... பாறை அப்டி."

எங்கள் கம்பெனியின் அறிக்கை ஒன்றைக்கூட அண்ணன் பார்த்ததில்லை.

நான் மறுக்கவில்லை. பாறையும்தான்.