மார்கழித் தண்ணீரும் எங்கள் மாமரமும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

அடையாற்றில் எங்கள் வீட்டின் பின்புறம் நிற்கும் ஒட்டு மாமரம், தொடர்ந்து இரண்டு தை மாதங்கள் பூக்கவில்லை. செந்தளிராகத் தளிர்த்ததோடு சரி.

“இந்தத் தையிலும் பூக்கலைன்னா வெட்டிடலாம். பையன் காரையாவது பின்னாடி நிறுத்தட்டும்” என்று என் மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பொங்கல் கழிந்ததும் வரும்படி மரம் வெட்டுபவருக்கும் சொல்லியாயிற்று. எனக்கோ அம்மரத்தை இழக்க மனமில்லை.

லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் வரிசையில் நின்று பழகியவன் நான். ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போவதைப் பொறுக்கமாட்டேன். மார்கழியில் கோலத்துக்காக என் மனைவி விடியற்காலையில் முன்வாசலை வாளி வாளியாகக் கழுவுவார். அந்நீர் முழுவதும் மரத்தடிக்குச் சேருமாறு, சுவரோரமாக ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருந்தேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

மார்கழி பிறந்த சில நாட்களில், ஊரூர் குப்பத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மையார் அவ்வாய்க்காலைப் பார்த்துவிட்டார்.

“இன்னா நைனா, மரத்துக்குத் தெனம் குளிப்பாட்டா?”

“தண்ணீர் இல்லாவிட்டால் வாடுமே, அம்மா.”

“வாடட்டும் வுடு! அடி காஞ்சி, மேல பனி பட்டாத்தான் பூ வைக்கும். நீ ஊத்திக்கினே கீற, அது எலைய வுட்டுக்கினு ஜாலியாக் கீது!”

அன்றே இரண்டு செங்கற்களை வைத்து வாய்க்காலை அடைத்தேன். கண்ணெதிரே தண்ணீர் தெருவுக்கு ஓடியதைப் பார்க்க வயிறு எரிந்தது. நல்லவேளையாக அவ்வாண்டு மழை கார்த்திகையோடு விடைபெற்றது. காலையில் மஃப்ளர் இன்றி நடக்க முடியாத அளவுக்குப் பனியும் பெய்தது.

காணும் பொங்கலுக்கு மறுநாள் மரம் வெட்டுபவர் கயிற்றோடு வந்து நின்றார். நான் சட்டையை மாட்டுவதற்குள் என் மனைவி வாசலுக்கு ஓடிவிட்டார்.

“கெளம்புப்பா. பூத்து நிக்கிற மரத்துல யாராவது கை வைப்பாங்களா?”

“வெட்டச் சொன்னதே நீதானம்மா!” என்றார் மரம் வெட்டுபவர்.

“அது போன மாசம்.”

கிளைநுனி எங்கும் பூங்கொத்துகள். பின்புறம் முழுவதும் தேனீக்களின் இரைச்சல். வந்தவர் காப்பி அருந்தி, மரத்தை அண்ணாந்து பார்த்து, “காய்ச்சா ரெண்டு எனக்கும் எடுத்து வையி மாமா” என்று சொல்லிப் போனார். கார் இன்றும் தெருவில்தான் நிற்கிறது.

எனக்குப் பின் இவ்வீட்டில் இருக்கப்போகும் தாங்கள், மார்கழியில் அச்செங்கற்களை எடுத்துவிடாமல், இக்குறிப்பைப் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.