கஸ்தூரி வீட்டுச் சுவர் ஈரம்

பக்கத்து வீட்டுக் கஸ்தூரி இன்று காலையிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள்.

"யக்கா, உன் வூட்டு பைப்பு தண்ணிதான் என் செவுத்துல ஏறுது. என் பொண்ணு கொயந்த அந்த ரூம்புலதான் தூளில கீது. சளி புடிச்சா இன்னா பண்றது?"

எங்கள் இரண்டு சமையலறைக் கழிவுநீர்ப் பைப்பும் நடுச்சந்தில், மண்ணுக்கடியில் ஒட்டி ஒட்டித்தான் போகின்றன.

"என்னுதுன்னா உன் செவுத்துக்கு நானே வெள்ளையடிக்கிறேன்டி" என்றேன். என் பைப்பின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து என் சமையலறைத் தொட்டியில் ஊற்றினேன். சந்தில் நீலம் கசிந்தது. எனக்கு முகம் செத்துப்போனது. விசாரித்தால், தன் பைப்பு நல்லதென்று காட்ட அவளும் அதே நேரம் நீலம்தான் ஊற்றியிருக்கிறாள்!

நைட் ஷிப்ட் முடிந்து வந்த என் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆயா, ரெண்டு பேரும் ஒரே கலர் ஊத்துனா இன்னா தெரியும்?"

கம்பெனியில் லீக் டெஸ்ட் பார்ப்பவள். எங்கள் வீட்டுப் பெண்ணாக்கும்!

அவள் சொன்னபடி, நிறம் போகும்வரை வெறும் தண்ணீர் விட்டோம். பிறகு நான் மஞ்சள் கரைத்து ஊற்றினேன், கஸ்தூரி நீலம் ஊற்றினாள்.

வந்தது பச்சை.

இரண்டு பைப்பும் ஒழுகுகின்றன! மண்ணைத் தோண்டி, பைப்பு வளையும் இடத்தில் விரிசல் விட்டிருந்த இரண்டு எல்போவையும் அறுத்தெடுத்து, புதுசு வைத்துப் பசை போட்டு ஒட்டினேன். காய்ந்ததும் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

சொன்ன வாக்குப்படி வெள்ளையடிக்க நான் தயார். ஆனால் பாதிச் சுவருக்குத்தான். ஈரம் ஏறாத மேல்பாதி என்னுடையது என்கிறேன், கஸ்தூரி ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்.